இலவசம் என்பது விலைக்குத்தான், பராமரிப்புக்கு அல்ல

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு என்னிடம் வரும் வியாபாரிகளில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஹாஜியார், கடையில் இருக்கிற மெஷின் பழசு. விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். உங்கள் கடையில் ஏதோ இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டிருக்கிறீர்களாமே, அது நல்லதா?"

நல்லதுதான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு ஆளை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. நான் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மையான பதிலாக இருக்கும். எனவே இந்த வாரம் டொலர் விலையையும் துறைமுகத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, கடையில் இருக்கும் கணினியைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். லினக்ஸ் என்பது யுனிக்ஸ் என்ற பழைய பெரிய இயங்குதளத்தின் மாதிரியில், 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய மென்பொருள். அதை வைத்துப் பலர் பல பெயர்களில் முழு இயங்குதளங்களைத் தயாரித்து வெளியிடுகிறார்கள். எங்கள் கடையில் இருப்பது உபுண்டு. அது 2004 ஒக்டோபரில் முதலில் வந்தது. அதன் இலக்கத்தைப் பார்த்தாலே வயது தெரியும். 20.04 என்றால் 2020 ஆம் ஆண்டு நான்காம் மாதம். 22.04 என்றால் 2022 ஏப்ரல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகின்ற பதிப்புக்கு ஐந்து வருடம் இலவசமாகத் திருத்தங்கள் கிடைக்கும். கடைக்காரனுக்கு அந்தப் பதிப்புதான் பொருத்தம். இடையில் வருபவை ஒன்பது மாதத்தில் காலாவதியாகிவிடும். அவை நமக்கு வேண்டாம்.

இனி என் கதை.

புறக்கோட்டையில் எங்களுடையது துணி மொத்த வியாபாரம். 2020 இன் கடைசியில் என் சகோதரியின் மகன் எங்கள் கணினியில் 20.04 ஐப் போட்டுத் தந்தார். அதற்கு முன்பு, எல்லோரையும் போல நாமும் களவுப் பிரதி விண்டோஸ்தான் பாவித்தோம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி அது குற்றம். சட்டம் கிடக்கட்டும், அடுத்தவனின் உழைப்பைக் களவாக எடுத்து அதிலே ஹலாலான வியாபாரக் கணக்கை எழுதுவது எனக்கு நீண்ட நாளாக உறுத்திக் கொண்டிருந்தது. அந்த உறுத்தல் அன்றோடு தீர்ந்தது. நான்கு வருடம் ஒரு வைரஸ் தொல்லையும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

20.04 இற்கான ஐந்து வருட ஆதரவு 2025 மே மாதத்தோடு முடியவிருந்தது. புதிய பதிப்புக்கு மாறலாம் என்று திரையில் அடிக்கடி அறிவித்தல் வந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்த நாள். நோன்புக்கு இன்னும் மூன்று கிழமை. பெருநாள் சரக்கு வரத் தொடங்கிவிட்டது. சும்மா இருக்கிற நாளில் இந்த வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்து, மருமகனுக்கு ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல், நானே அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

மேம்படுத்தல் தொடங்குமுன் திரையில் ஓர் எச்சரிக்கை வரும். இதற்குப் பல மணி நேரம் ஆகலாம், கோப்புகளை இறக்கி முடிந்தபின் இடையில் நிறுத்த முடியாது என்று. நமக்குத்தான் வாசிக்கிற பழக்கம் இல்லையே. சம்மதம் என்று தட்டிவிட்டு தேநீர் குடிக்கப் போனேன்.

பதினொரு மணி தாண்டியதும் மின்சாரம் போனது. கடைக்கு மட்டுமல்ல, வீதிக்கு மட்டுமல்ல, முழு இலங்கைக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னதை நாடே கேட்டுச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணினியோடு யூ.பி.எஸ் இருந்தது உண்மை. ஆனால் 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வந்த காலத்தில் அதன் பற்றரி உழைத்து ஓய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும் என்று தெரியும். மாற்றவில்லை. அது இரண்டு முறை கூவிவிட்டு அணைந்தது.

குரங்கின் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் பற்றரியை மாற்றாதது குரங்கல்ல, நான்.

பின்னேரம் மின்சாரம் வந்தபோது கணினியைப் போட்டேன். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் சில வரிகள் ஓடி, ஓரிடத்தில் நின்றுவிட்டன. பழைய பதிப்பும் இல்லை, புதிய பதிப்பும் இல்லை. பாதி ஏற்றிய லொறி நடுவீதியில் நின்ற மாதிரி. அதற்குள்ளேதான் எங்களுக்கு வரவேண்டிய கடன், நாங்கள் கொடுக்க வேண்டிய கடன், ஸ்டொக் எல்லாம் இருந்தன. கடைசியாக வேறு இடத்தில் பிரதி எடுத்து வைத்தது எப்போது என்று தேடிப் பார்த்தேன். முந்திய வருடம் ஒக்டோபர். நான்கு மாதக் கணக்கு அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் கிடந்தது.

திங்கட்கிழமை காலை பில் புத்தகத்தையும் காபன் தாளையும் எடுத்துக் கொண்டு கடையைத் திறந்தோம். பத்து மணியளவில் புத்தளத்திலிருந்து ஒரு சகோதரி வந்தார். வீட்டோடு தையலும் சிறு கடையும் நடத்துகிறவர், பல வருடமாக எங்களிடம் கடனுக்குச் சரக்கு எடுப்பவர். "நானா, என் கணக்கு மீதி எவ்வளவு என்று சொல்லுங்க. அதைக் கட்டிட்டு நோன்புச் சரக்கு எடுக்கணும்" என்றார்.

என்னிடம் சொல்வதற்குக் கணக்கு இல்லை. உண்மையைச் சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து விரித்தார். திகதி, எடுத்த சரக்கு, கட்டிய காசு, மீதி. எல்லாம் பென்சிலில். மீதி 46,500 ரூபா. "தங்கச்சி, நீங்க சொல்றதுதான் கணக்கு" என்று அதை வாங்கிக் கொண்டேன்.

பிறகு கோப்பு மீட்கப்பட்டபோது அவருடைய கணக்கைத்தான் நான் முதலில் திறந்தேன். கணினியில் 61,500 ரூபா என்று இருந்தது. நெஞ்சு ஒரு கணம் வேறு மாதிரி நினைத்தது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும். றிசீட் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டினேன். ஜனவரியில் அவர் கட்டிய 15,000 ரூபாவுக்கு றிசீட் இருந்தது. சன நெரிசலான நாளில் எழுதிக் கொடுத்த பையன் அதைக் கணினியில் பதிய மறந்திருக்கிறான். கணினி ஒழுங்காக ஓடியிருந்தால் அந்தத் திங்கட்கிழமை நான் திரையைக் காட்டி, அந்தச் சகோதரியிடம் இல்லாத 15,000 ரூபாவைக் கேட்டிருப்பேன். அவர் கொப்பியைக் காட்டினாலும் "கணினி பொய் சொல்லாது" என்று சொல்லியிருப்பேன்.

குர்ஆனில் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். கணக்கு என்பது நம்முடைய சொத்து மட்டுமல்ல, அடுத்தவரின் ஹக்கும் அதில் இருக்கிறது. அதை ஒரே ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அந்தப் பெட்டியைக் கவனிக்காமல் விடுவது அமானிதத்தில் செய்யும் குறை. ஸகாத் கணக்குப் பார்க்கும் மாதத்துக்கு மூன்று கிழமை முன்பு எனக்கு இந்தப் பாடம் கிடைத்தது.

இனி, மருமகன் அதை எப்படிச் சரி செய்தார் என்று சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு நாள் தேவைப்படும்.

அவர் வந்ததும் திருத்த வேலையைத் தொடங்கவில்லை. "மாமா, முதலில் சரக்கை வெளியே எடுப்போம், பிறகு கட்டடத்தைத் திருத்துவோம்" என்றார். இயங்குதளம் வேறு, நம்முடைய கோப்புகள் வேறு. மேம்படுத்தல் மாற்றுவது இயங்குதளத்தின் கோப்புகளை. நம் கணக்குகள் இருக்கும் கோப்புறையை அது வழமையாகத் தொடுவதில்லை. வேறொரு கணினியில் உபுண்டுவை ஒரு பென் டிரைவில் தயாரித்து, அதிலிருந்தே எங்கள் கணினியை இயக்கினார். நிறுவாமலே ஓடிப் பார்க்கும் வசதி அதில் இருக்கிறது. உள்ளே வன்தட்டைத் திறந்தால் கணக்குகள் அத்தனையும் இருந்தன. வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதி எடுத்தோம். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிரதி எடுத்த பிறகே திருத்தம். கணினி தொடங்கும்போது ஷிப்ட் அல்லது எஸ்கேப் விசையைப் பிடித்தால் ஒரு பட்டியல் வரும். அதில் மேலதிகத் தெரிவுகளுக்குள் மீட்பு முறை என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் போனால், உடைந்த பொதிகளைத் திருத்துவதற்கு ஒரு தெரிவு, வன்தட்டைச் சோதிப்பதற்கு ஒரு தெரிவு, இடம் இல்லாவிட்டால் வெறுமையாக்குவதற்கு ஒரு தெரிவு எல்லாம் உண்டு. பாதியில் நின்ற மேம்படுத்தலைப் பல வேளைகளில் அந்த முதல் தெரிவே முடித்து வைத்துவிடும். எங்களுடையது முக்கால்வாசி எழுந்தது. திரை வந்தது, ஆனால் அடிக்கடி உறைந்தது. அரைகுறையாக ஓடுகிற கணினியில் நோன்பு வியாபாரம் செய்ய முடியாது என்று, 22.04 ஐப் புதிதாகவே நிறுவி, கணக்குகளைத் திரும்பப் போட்டார். திங்களும் செவ்வாயும் நாட்டில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு அறிவித்திருந்தார்கள். யூ.பி.எஸ்ஸுக்குப் புதிய பற்றரி வரும்வரை நிறுவுவதற்குக் கை வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அதுதான் தொழில் தெரிந்தவனின் குணம்.

அத்தோடு முடியவில்லை. எங்கள் பழைய பில் மாதிரிகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லை. திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குவிந்து கிடந்தது. கணக்கு நாசமாகிவிட்டது என்று எங்கள் காசாளர் பதறிவிட்டார். எழுத்துருக் கோப்பைப் பழைய வன்தட்டிலிருந்து எடுத்துப் போட்டதும் தமிழ் திரும்பி வந்தது. பாமினியில் ஆவணம் வைத்திருப்பவர்கள் அந்தக் கோப்பையும் பிரதியோடு சேர்த்து வைத்துக் கொள்ளுங்கள். இனி எழுதுவதை யுனிகோட்டிலேயே எழுதுங்கள். எந்தக் கணினியிலும் அது தமிழாகவே தெரியும்.

கணினி அடிக்கடி உறைகிறது, தானாக அணைகிறது என்று சொல்பவர்களுக்கும் சில வார்த்தைகள். உடனே லினக்ஸைக் குறை சொல்லாதீர்கள், பெட்டியையும் பாருங்கள். துணிக் கடையில் நூல் பஞ்சு பறக்கும். அது விசிறியில் அடைத்து, உள்ளே சூடேறி, மத்தியானத்தில் அணைந்துவிடும். எங்கள் பெட்டியைத் திறந்தபோது அதற்குள் ஒரு தலையணைக்குப் பஞ்சு இருந்தது. நினைவகம் பழுதா என்று சோதிக்கும் வசதி அந்தத் தொடக்கப் பட்டியலிலேயே பல கணினிகளில் உண்டு. வன்தட்டு சாகப் போகிறதா என்பதை உபுண்டுவில் உள்ள டிஸ்க்ஸ் என்ற செயலி ஓரளவுக்கு முன்கூட்டியே காட்டும். திரை மட்டும் உறைந்தால் கன்ட்ரோல், ஓல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எழுத்துத் திரை வந்தால் கணினிக்கு உயிர் இருக்கிறது, படத்துக்கான ட்ரைவரில் கோளாறு இருக்கலாம். புதிய கேர்னல் வந்தபின் கோளாறு தொடங்கினால், அதே தொடக்கப் பட்டியலில் பழைய கேர்னலைத் தெரிவு செய்து வேலையை நடத்தலாம். கேர்னல் என்பது இயங்குதளத்தின் இதயம். பழையவற்றைச் சேர்த்துக் கொண்டே போனால் அதற்கான சிறிய இடம் நிரம்பி, அடுத்த மேம்படுத்தல் சிக்கிக் கொள்ளும். அதையும் காலத்துக்குக் காலம் துப்புரவு செய்ய வேண்டும்.

எந்தப் பிழைச் செய்தி வந்தாலும் அணைப்பதற்கு முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். "ஏதோ இங்கிலீஸில் வந்தது" என்று சொன்னால் எந்தத் தொழில்நுட்பக்காரராலும் வைத்தியம் பார்க்க முடியாது.

எங்கள் அனுபவத்தைக் கேட்ட இரண்டு வகையினர் இரண்டு விதமாகப் பேசினார்கள். "சும்மா கிடைத்தது சும்மாதான் போகும், காசு கொடுத்து வாங்கியிருந்தால் இப்படி நடக்குமா" என்றார்கள் சிலர். நடக்கும். 2024 ஜூலை 19 இல் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான மேம்படுத்தலால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் திண்டாடின. அவர்கள் எல்லோரும் காசு கொடுத்தவர்கள்தான். மற்ற வகையினர் லினக்ஸ் பைத்தியமான இளைஞர்கள். "லினக்ஸ் விழவே விழாது" என்பார்கள். அதுவும் சரியல்ல. 2024 ஓகஸ்ட் 29 இல் உபுண்டு 24.04.1 வந்து, 22.04 இலிருந்து மாறும் வழியைத் திறந்தார்கள். தேவையான பொதிகளையே நீக்கிவிடும் ஒரு பிழை வெளிப்பட்டதால் சில நாட்களிலேயே அந்த வழியை மூடி, திருத்தியபின் மீண்டும் திறந்தார்கள். மனிதன் செய்தது எதுவும் விழும். அது விழும் நாளுக்கு நாம் தயாரா என்பதுதான் கேள்வி.

"இதெல்லாம் வெள்ளைக்காரனின் விளையாட்டு, நமக்குச் சரிவராது" என்று சொல்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய, இலங்கையின் மென்பொருள் பொறியியலாளர்கள் சஹானா என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். அது இதே கட்டற்ற மென்பொருள் வழியில் செய்யப்பட்டது, பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. நம்மவர்களுக்கு அறிவு குறைவில்லை. நாம் அவர்களை மதிப்பதில்தான் குறை.

இங்கேதான் நான் சொல்ல வந்த விடயம் இருக்கிறது. என் மருமகன் அந்த மூன்று நாளும் தன் வேலையை விட்டுவிட்டு எங்கள் கடையில் கிடந்தார். நான்கு வருடத்துக்கு முன் நிறுவித் தந்தபோது நான் அவருக்கு என்ன கொடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு புரியாணிப் பார்சல். அதற்குப் பிறகு ஒரு நாளாவது கூப்பிட்டு "வந்து பார்த்துவிட்டுப் போ" என்று கூலி பேசியிருக்கிறேனா? இல்லை. கடைக்கு முன்னால் பெயர்ப் பலகை மாட்டப் பணத்தை எண்ணாமல் செலவழிக்கிறோம். கணக்கைப் பாதுகாக்கும் பிள்ளைக்கு ஐந்நூறு ரூபாவுக்குப் பேரம் பேசுகிறோம். உறவினர் என்றால் அதுவும் இல்லை. அதனால்தான் அவர்கள் நம் அழைப்புக்குப் பதில் தருவதில்லை, நாமும் தெரியாததைத் தனியாக அழுத்தி மாட்டிக் கொள்கிறோம்.

லினக்ஸ் இலவசம் என்றால் அதன் விலை இலவசம். பராமரிப்பு இலவசமல்ல. லைசன்ஸுக்குக் கொடுக்காமல் மிச்சப்படுத்திய காசில் ஒரு பகுதியையாவது மூன்று விடயத்துக்கு ஒதுக்க வேண்டும். யூ.பி.எஸ் பற்றரிக்கு, பிரதி எடுக்கும் வன்தட்டுக்கு, தொழில் தெரிந்த பிள்ளையின் கூலிக்கு. இந்த மூன்றுக்கும் ஒதுக்க மனமில்லாதவர் லினக்ஸுக்கு மாற வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவர் விண்டோஸிலும் விழத்தான் போகிறார்.

இப்போது எங்கள் கடை ஒழுங்கு இதுதான். இரண்டு பென் டிரைவ்கள் மாறி மாறி ஓடுகின்றன. கடை மூடும்போது அன்றைய கணக்கு ஒன்றில் ஏறி என்னோடு வீட்டுக்கு வரும், மற்றது கடையில் இருக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது. கணினியில் எது மாற்றினாலும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுகிறோம். றிசீட் அடிக்கட்டைகளைக் கிழமைக்கு ஒருமுறை கணினியோடு ஒப்பிடுகிறோம். பதிப்பு மாற்றம் நோன்பிலும் பெருநாளிலும் வருட முடிவிலும் இல்லை. புதிய பதிப்பு வந்தவுடனும் இல்லை. முதல் திருத்தப் பதிப்பு வந்து, மற்றவர்கள் ஏறி, சில கிழமைகள் போகட்டும். அவசரமும் இல்லை. 22.04 இற்கு 2027 வரையும், 24.04 இற்கு 2029 வரையும் வழமையான ஆதரவு உண்டு. ஆனால் இரண்டு படியை ஒரே தடவையில் தாண்ட முடியாது. 20.04 இல் இருப்பவர் 22.04 இற்குப் போய்த்தான் 24.04 இற்குப் போக வேண்டும். அதனால் ஒரேயடியாகப் பிந்தவும் கூடாது.

மருமகனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கக் கூலி பேசியிருக்கிறேன். முதலில் "மாமாவிடம் எப்படி வாங்குவது" என்று மறுத்தார். "உன் உழைப்பின் வியர்வை காய்வதற்கு முன் தருவது என் கடமை, வாங்குவது உன் உரிமை" என்றேன். வாங்கிக் கொண்டார். அதன் பிறகு சொன்ன திகதிக்குத் தவறாமல் வருகிறார்.

புத்தளத்துச் சகோதரிக்கு நடந்ததை நான் மறைக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது கணினியில் இருந்த பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக் கொண்டு, "நானா, நான் படிச்சது எட்டாம் வகுப்பு. அதனாலதான் எழுதி வைக்கிறேன்" என்றார். சகோதரர்களே, கணினி வாங்குங்கள், லினக்ஸும் போடுங்கள். ஆனால் அந்தப் பெண்மணியின் கொப்பிக்குள்ள ஒழுங்கு முதலில் நம் கடைகளுக்கு வரட்டும், இன்ஷா அல்லாஹ்.